கொருக்குப்பேட்டையைப் படிச்சுட்டா பாஸ்!

எங்க வடசென்னைப் பிள்ளைகளுக்கு வாய் நீளம்னு ஊரே சொல்லும். வாஸ்தவம்தான். நாலு வயசுல காசிமேட்டுல மீன் பேரம் பேசும். கன்டெய்னர் லாரிக்காரருக்கே ரிவர்ஸ் எடுக்க வழி சொல்லும். அதே பிள்ளை கையில ஒரு கதைப் புத்தகத்தைக் கொடுத்துப் பாருங்க... கப்சிப்!

மூளைக்குக் குறைச்சல் இல்லை. அது தனியாகப் படிப்பதை யாரும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதில்லை, அவ்வளவுதான்.

டீச்சர் ஒரு வரி சொல்ல, வகுப்பே கோரஸாகக் கத்தும்போது எல்லாப் பிள்ளையும் மேதைதான். யாருக்குத் தெரியவில்லை என்பது அந்தச் சத்தத்தில் அமுங்கிவிடும். ஐந்தாம் வகுப்பில் கணக்குப் பரீட்சையில் முட்டை வாங்கும்போதுதான் குட்டு உடையும். பையனுக்குக் கூட்டத் தெரியும். கேள்வியைத்தான் படிக்கத் தெரியாது! அப்புறம் ஸ்கூலுக்கு மட்டம். கொஞ்ச நாளில் லாரியில் கிளீனர்.

சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 2003-லேயே இதற்கு ஒரு வழி பார்த்தன. அப்போது கமிஷனராக இருந்த எம்.பி.விஜயகுமார் 'செயல்வழிக் கற்றல்' முறையைக் கொண்டுவந்தார். டீச்சர் நாற்காலியை விட்டு இறங்கிப் பாயில் உட்கார்ந்தார். பாடங்கள் அட்டைகளாகப் பிரிந்தன. ஏணி ஏறுகிற மாதிரி, ஒரு படி முடித்தால்தான் அடுத்த படி. பிறகு அது தமிழ்நாடு முழுக்கப் போனது. கொரோனாவில் பள்ளிகள் பூட்டிக் கிடந்தபின் 2022-ல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. பிள்ளை எந்த வகுப்பு என்பதைவிட, எந்தப் படியில் நிற்கிறது என்பதுதான் டீச்சருக்குத் தெரிய வேண்டும்.

"டீச்சருங்க செய்வாங்க சார். நாங்க இன்னா பண்றது? நான் மழைக்குக்கூட இஸ்கூல் பக்கம் ஒதுங்கல" என்றார் எங்கள் தெரு மீன்கார அக்கா.

"படிக்கத் தெரிய வேணாம்க்கா. காது இருக்குல்ல, போதும்" என்றேன். அவரிடம் சொன்னது இதுதான்:

தினம் பத்து நிமிஷம் பிள்ளையை உரக்கப் படிக்கச் சொல்லுங்க. வார்த்தைக்கு அடியில விரல் நகரணும். கண்ணு மோட்டுவளையைப் பார்த்தா அது படிப்பு இல்ல, மனப்பாடம்! நடுவுல ஒரு வார்த்தையைத் தொட்டு, 'இது இன்னா?'ன்னு கேளுங்க. திக்கினா தலையில குட்டாதீங்க. மனசுக்குள்ள அஞ்சு வரைக்கும் எண்ணுங்க. முடிச்சதும், 'கதையில அப்பால இன்னா ஆச்சு?'ன்னு கேளுங்க. புரிஞ்சுதா இல்லையான்னு தெரிஞ்சுடும்.

தமிழில் 247 எழுத்து என்றதும் பிள்ளை மிரளும். உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று, அதோடு கொஞ்சம் கொம்பும் காலும் சுழியும் என்று பிரித்துக் காட்டினால் பயம் பாதியாகும். கஷ்டமே 'கொ' மாதிரி எழுத்தில்தான். கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு. வாயில் முதலில் வருவதோ 'க்'! பிள்ளை தடுமாறாமல் என்ன செய்யும்?

இதற்கு டியூஷன் எதற்கு? கும்மிடிப்பூண்டி ரயிலில் ஜன்னலோரம் உட்கார வையுங்கள். கொருக்குப்பேட்டையில் 'கொ'வும் 'பே'யும் இருக்கு. தண்டையார்பேட்டையில் 'டை' இரண்டு தரம் வருது. திருவொற்றியூரில் 'வொ', 'ற்றி', 'யூ' மூன்றும் வரிசையாக நிற்குது. எண்ணூர் வந்து சேர்வதற்குள் அரைப் புத்தகம் படித்த மாதிரி!

ஒரு எச்சரிக்கை. படிக்கக் கற்ற பிள்ளை சும்மா இருக்காது. ரேஷன் கடையில் 'பாமாயில் இல்லை' என்றால், "பலகையில இருப்பு இருக்குன்னு எழுதியிருக்கே!" என்று சண்டைக்குப் போகும். போகட்டுமே... அதுக்குத்தானே படிக்க வைக்கிறோம்!