கோடைக் கொத்தவரை: பிஞ்சில் பறித்தால் ருசியும் உண்டு, விலையும் உண்டு

கோடை வெயிலைத் தாங்கி, குறைந்த நீரில் காய்க்கக்கூடியது கொத்தவரை. ஆனால், எடை கூடட்டும் என்று காயைச் செடியிலேயே நாலைந்து நாள் விட்டுவிடுகிறோம். நஷ்டம் அங்கேதான் தொடங்குகிறது. முற்றிய காயில் நார் ஏறி, விதை பருத்து, சந்தையில் விலை இறங்கிவிடும். செடியில் புதிதாகப் பூ எடுப்பதும் குறையும்.

காயை வளைத்துப் பாருங்கள். 'படக்'கென்று ஒடிந்தால் பறிக்கும் பருவம். நார் இழுத்தால் தாமதித்துவிட்டீர்கள். இரண்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை காலையில் பறித்து, நிழலில் வையுங்கள்.

பறித்த அன்றே வீட்டிலும் சமைத்துப் பாருங்கள். கால் கிலோ காயைக் கழுவி, காம்பும் நுனியும் கிள்ளி நறுக்கி, உப்பு போட்டு, நீர் தெளித்து மூடி வேகவையுங்கள். ஒரு ஸ்பூன் நல்லெண்ணெயில் கடுகு, தட்டிய பூண்டு, கறிவேப்பிலை தாளித்துப் புரட்டி, கொத்தமல்லித் தழை தூவி இறக்கினால் போதும். பிஞ்சுக் காய்க்கு மசாலா தேவையில்லை.

ஒன்றை மறவாதீர்கள். மருந்து தெளித்திருந்தால், லேபிளில் குறிப்பிட்டுள்ள காத்திருப்பு நாட்கள் முடியும்வரை பறிக்கக் கூடாது. ஊடுருவிப் பாயும் மருந்து, கழுவினாலும் போகாது. உங்கள் பிள்ளைக்குக் கொடுக்கத் தயங்கும் காயை, சந்தைக்கும் அனுப்பாதீர்கள்.