பழ ஈ கூறும் உண்மை

சென்னைக்குத் தெற்கே, தாம்பரத்திலிருந்து செங்கற்பட்டு நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில் ஊரப்பாக்கம் என்னும் ஊர் உள்ளது. அவ்வூரில் வாழும் மாணவன் ஒருவன், நன்கு கனிந்த வாழைப்பழம் ஒன்றைத் தோலுரித்துத் திண்ணையில் வைப்பானாயின், சிறிது நேரத்தில் அதனைச் சுற்றிச் சின்னஞ்சிறு ஈக்கள் மொய்க்கக் காண்பான். அவை எள்ளளவே இருக்கும், கண்கள் சிவந்திருக்கும். புளிக்கும் பழத்தில் பெருகும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரே அவற்றின் விருப்பமான உணவு. நாம் அவற்றைப் பழ ஈ என்கிறோம். அறிவியலார் டிரோசோபிலா என்பர்.

கையசைத்து நாம் விரட்டும் இவ்வீயை அறிஞர் பலர் தம் வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்துள்ளனர். இதனைச் சிறு கண்ணாடிப் புட்டியிலேயே வளர்க்கலாம். ஏறத்தாழப் பத்து நாட்களில் ஒரு தலைமுறை தோன்றிவிடும். ஆதலின், பெற்றோரின் இயல்புகள் பிள்ளைகளுக்கு எவ்வாறு செல்கின்றன என்பதை அறிய இதனினும் ஏற்ற உயிர் அரிது. அமெரிக்க அறிஞர் மார்கன் 1910ஆம் ஆண்டில் இதனைக் கொண்டு செய்த ஆராய்ச்சி, மரபியல் என்னும் அறிவியலுக்கே புதிய வழியைத் திறந்தது.

திண்ணையில் மொய்க்கும் ஈக்களுள் ஒன்றற்கும் மற்றொன்றற்கும் வேற்றுமை உண்டோ? கண்ணால் காண்போர் இல்லை என்றே கூறுவர். ஓர் இனத்து உயிர்கள் யாவும் ஏறக்குறைய ஒரே வார்ப்பின என்றும், வேறுபட்டவை குறையுடையனவாய் எங்கோ சிலவே இருக்கும் என்றும் அறிஞர் பலரும் ஒரு காலத்தில் எண்ணினர். அவ்வெண்ணம் தவறு என்பதைக் காட்டியது இச்சிற்றீயே.

உயிர்களின் இயல்புகளை வகுப்பவை மரபணுக்கள். அவை உயிரணுவினுள் குரோமோசோம் என்னும் நுண்ணிய இழைகளில் வரிசையாக அமைந்துள்ளன. நம் ஊர்ப் பழ ஈக்களிற் பலவற்றுக்கு நான்கு இணைக் குரோமோசோம்கள் உண்டு. ஒவ்வோர் இணையிலும் ஒன்று தந்தை வழியாகவும் மற்றொன்று தாய் வழியாகவும் வந்ததாகும்.

மரபணுக்களின் வரிசையை இருப்புப்பாதையில் உள்ள நிலையங்களின் வரிசைக்கு ஒப்பிடலாம். தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி என்பது அவ்வரிசை. தாம்பரத்தை அடுத்தும் பொத்தேரிக்கு முன்னரும் பாதையை வெட்டி, இடைப்பட்ட துண்டை அப்படியே திருப்பிப் பொருத்தியதாக எண்ணிக்கொள்வோம். அப்பொழுது தாம்பரத்தை அடுத்துக் கூடுவாஞ்சேரியும், பின்னர் ஊரப்பாக்கம், வண்டலூர், பெருங்களத்தூர் என்பனவும், இறுதியில் பொத்தேரியும் வரும். நிலையம் எதுவும் குறையவில்லை. புதியது எதுவும் சேரவுமில்லை. வரிசை மட்டுமே மாறியது. குரோமோசோமிலும் இத்தகைய மாறுதல் சிற்சில வேளைகளில் நிகழ்வதுண்டு. அதற்குத் தலைகீழ் திருப்பம் என்று பெயர். பழ ஈயில் அது நிகழ்ந்திருப்பதை 1921ஆம் ஆண்டில் ஸ்டர்டெவண்ட் என்பார் கண்டறிந்தார்.

கண்ணுக்குப் புலப்படாத இழையில் நேர்ந்த இம்மாறுதலைக் காண்பது எங்ஙனம்? அதற்கும் இவ்வீயே வழி செய்தது. ஈயின் புழுப்பருவத்தில், உமிழ்நீர்ச் சுரப்பியில் உள்ள குரோமோசோம்கள் பிரியாமலே பன்முறை பெருகி, ஏறத்தாழ ஆயிரம் இழைகள் சேர்ந்த கயிறு போலத் தடித்துவிடுகின்றன. சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைத்தால், கரிய பட்டைகளும் வெளிய பட்டைகளும் மாறி மாறித் தோன்றும். டெக்சாஸைச் சேர்ந்த பெயின்ட்டர் என்பார் இப்பட்டைகளின் பயனை 1933ஆம் ஆண்டில் விளக்கினார். இணையில் ஒன்று நேராகவும் மற்றொன்று திரும்பியும் இருந்தால், ஒத்த பகுதியோடு ஒத்த பகுதி சேரும்பொருட்டு அவை வளைந்து ஒரு கண்ணியை உண்டாக்கும். அக்கண்ணியே திருப்பத்தைக் காட்டும் அடையாளம்.

வரிசை மாறுவதால் விளையும் பயன் யாது? பெண் ஈயின் உடலில் முட்டைகள் உருவாகும்போது, இணைந்த இரு குரோமோசோம்களும் தம்முள் சில பகுதிகளை மாற்றிக்கொள்ளும். சீட்டுக்கட்டைக் கலைப்பது போல இதனால் மரபணுக்கள் கலைந்து புதிய சேர்க்கைகள் தோன்றும். ஆனால், ஒன்று நேராகவும் ஒன்று திரும்பியும் உள்ள இடத்தில் இக்கலப்பு நிகழுமாயின், விளையும் குரோமோசோம் பழுதுபடும். அது வழித்தோன்றலைச் சென்று சேர்வதில்லை. எனவே, திரும்பிய பகுதியில் உள்ள மரபணுக்கள், பாகம் பிரிக்கப்படாத குடும்பச் சொத்தைப் போல, ஒன்றுசேர்ந்தே தலைமுறை தலைமுறையாகச் செல்கின்றன. ஒரு சூழலில் கூடி நன்மை செய்யும் மரபணுக்கள் சிதறாமல் காக்கப்படுகின்றன.

இதன் பெருமையை உணர்த்தியவர் டாப்சான்ஸ்கி. உக்ரைன் நாட்டில் 1900ஆம் ஆண்டில் பிறந்து, 1927இல் அமெரிக்கா சென்ற இவர், கலிபோர்னியாவின் சான் ஹசிந்தோ மலையில் காட்டு ஈக்களைத் திங்கள்தோறும் பிடித்து, அவற்றின் குரோமோசோம் வகைகளைக் கணக்கிட்டார். வேனிலின் தொடக்கத்தில் ஒரு வகை குறைந்து மற்றொரு வகை மிகுந்தது. கோடை முதிர்ந்ததும் முன்னது மீண்டும் மிகுந்தது. இம்முடிவுகளை அவர் 1943இல் வெளியிட்டார். ஓராண்டிற்குள்ளேயே ஓர் உயிர்க்கூட்டம் பருவத்திற்கேற்பத் தன் மரபமைப்பை மாற்றிக்கொள்வதைக் கண்டு அறிஞர் வியந்தனர்.

பின்னர் அவ்விரு வகை ஈக்களையும் ஒரு பெட்டியில் இட்டு, 25 பாகை செல்சியசு வெப்பத்தில் வளர்த்தார். முதல் வகை நூற்றுக்கு ஏறத்தாழப் பத்தே இருக்குமாறு தொடங்கியபோதும், சில திங்களில் அது எழுபது அளவிற்கு உயர்ந்தது. ஆனால் அதற்குமேல் ஓங்கி மற்றதை ஒழித்துவிடவில்லை. ஏனெனில், இரு வகையிலும் ஒவ்வொன்றைப் பெற்ற ஈக்களே யாவற்றினும் நன்கு வாழ்ந்தன. ஆதலால் இரண்டும் நிலைத்தன. 16 பாகை வெப்பத்திலோ இத்தகைய மாறுதல் நிகழவில்லை. சூழல் மாறின் சிறப்பும் மாறும் என்பது இதனால் தெளிவாயிற்று.

நம் நாட்டிலும் இவ்வாராய்ச்சி சிறப்புற நடைபெற்றுள்ளது. மனிதர் வாழும் இடங்களை அண்டி வாழும் டிரோசோபிலா அனனாசே என்னும் பழ ஈயை, காசி இந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பி. என். சிங் என்பார் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். வடக்கே ஜம்மு முதல் தெற்கே கன்னியாகுமரி வரையிலும், மேற்கே துவாரகை முதல் கிழக்கே திப்ருகர் வரையிலும் 45 இடங்களின் ஈக்களை ஒப்பிட்ட ஆய்வு 2007இல் வெளிவந்தது. இவ்வினத்தில் உலகெங்கும் பரவியுள்ள திருப்பங்கள் மூன்று. அவை தென்னாட்டு ஈக்களிடம் பொதுவாக மிகுந்தும், வடநாட்டு ஈக்களிடம் குறைந்தும் காணப்பட்டன. பழக்கூடைகளோடு ஈக்களும் ஊர் விட்டு ஊர் பயணம் செய்கின்றன. அங்ஙனமிருந்தும் இடத்துக்கு இடம் வேற்றுமை அழியாமல் நிற்கிறது. அந்தந்த இடத்தின் தட்பவெப்பமும், இயற்கைத் தேர்வும், தற்செயலாய் நேரும் ஏற்றத்தாழ்வும் இதற்குக் காரணங்களாகும்.

இவ்வேற்றுமை ஈக்களுக்கு எத்துணைப் பயன் தருகிறது என்பதற்கு அண்மைக்காலச் சான்று ஒன்று உண்டு. ஐரோப்பாவைத் தாயகமாகக் கொண்ட டிரோசோபிலா சப்அப்ஸ்கியூரா என்னும் ஈ, 1978இல் சிலி நாட்டிலும், சில ஆண்டுகளில் வட அமெரிக்காவிலும் காணப்பட்டது. மூன்று கண்டங்களிலும் பழைய கணக்கையும் புதிய கணக்கையும் ஒப்பிட்ட அறிஞர், வெப்பம் மிக்க பகுதிகளுக்குரிய திருப்பங்கள் குளிர்ந்த பகுதிகளிலும் பெருகி வருவதை 2006இல் அறிவித்தனர். உலகம் வெப்பமுற்று வருவதை ஈயின் குரோமோசோமும் பதிவு செய்திருந்தது.

ஒன்றை இங்கு நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். வெப்பம் வந்தபின் அவ்வீக்கள் புதிய திருப்பங்களைத் தேடிப் பெறவில்லை; முன்னரே தம்மிடையே இருந்தவற்றைப் பயன்படுத்திக்கொண்டன. குறுவையும் சம்பாவும் விதைநெல்லாக வைத்திருக்கும் உழவன் பருவம் மாறினும் கலங்கான். ஒரே விதையை நம்பியவன் அது பொய்த்தால் வறுமையுறுவான். உயிர்க்கூட்டத்தின் நிலையும் இத்தகையதே. இன்று பயனற்றதெனத் தோன்றும் ஒரு வகை, நாளை அக்கூட்டத்தையே காக்கும் வகையாகலாம். ஆகவே, குறைந்த தொகையினவாய் உள்ள உயிர் வகைகளையும், பழைய பயிர் வகைகளையும் அழியவிடாது காத்தல் நம் கடமை.

எல்லாக் காலத்திற்கும் எல்லா இடத்திற்கும் சிறந்த ஒரே வகை என்பது இயற்கையில் இல்லை. நாளை திண்ணையில் பழ ஈக்களைக் காணும்போது, ஒரே வார்ப்பாய்த் தோன்றும் அவற்றுள் எத்தனை வேற்றுமைகள் மறைந்துள்ளன என்பதை நினைவோமாக.