தசைதளர் மருந்தும் குதிரையின் நோவும்

வன்னியில் எருத்தைக் கயிற்றால் வீழ்த்தி நலமடிக்கையில் அதன் கதறலைக் கேட்டிருப்போம். கதறாது கிடக்கும் விலங்குக்கு நோவில்லை எனலாமோ?

1814இல் இலண்டனில் சாள்ஸ் வாட்டர்டன் என்பார் கியூராரே என்னும் நஞ்சினைப் பெண்கழுதை ஒன்றிற் செலுத்துவித்தார். மூச்சு நின்றது. மூச்சுக்குழலைத் துளைத்துத் துருத்தியாற் காற்றூட்டவே, அது பிழைத்து 1839 வரை வாழ்ந்தது. நஞ்சு முடக்கியது தசையையே என்பது இதனாற் புலனாகும்.

சென்ற நூற்றாண்டின் நடுவில் சக்சினைல்கோலின் என்னும் தசைதளர் மருந்தைக் குதிரைக்கு ஏற்றி நலமடித்தனர். நரம்பின் ஏவல் தசையை எட்டாது தடைப்படக் குதிரை விரைவிற் சாயும்; சிலவேளை மூச்சு நின்று இறத்தலும் உண்டு. அறிவோ மயங்காது, நோவை உணர்ந்தும் உதைக்கவோ கனைக்கவோ இயலாது. ஆதலின், மயக்கமருந்தின்றி இதனைத் தனித்து வழங்குதல் தகாதென இன்று கொள்ளப்படும்.

அசையாமை வேறு, நோவின்மை வேறு. வாயில்லாச் சீவனைப் பேணுவோர் இதனை மறவாதிருத்தல் கடன்.