தவறணையும் தருமமும்: மலைநாட்டுப் பண்டிகைக் கொடை பற்றிச் சில குறிப்புகள்

பிரித்தானிய நகரங்களிலே நத்தார்ப் பண்டிகையை அண்டிய நாட்களில், மதுச்சாலைகள் சில, தாம் விற்கும் ஒவ்வொரு கிண்ணத்தின் விலையிலும் ஒரு பகுதியை வீடற்றோர் நலனுக்கு வழங்குவதாக அறிவிப்பதுண்டு. குடிப்பவன் குடிக்கிறான், குடித்ததனாலே தருமமும் செய்தவனாகிறான், கடைக்காரனுக்கு விற்பனையும் பெருகுகிறது, நற்பெயரும் வளர்கிறது. வணிகத்தையும் கொடையையும் இவ்வாறு பிணைக்கும் உத்திக்கு முன்மாதிரியாக எடுத்துக்காட்டப்படுவது 1983இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனம் செய்த விளம்பரமாகும். தனது அட்டையைப் பயன்படுத்தும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு சதம் வீதம் சுதந்திரதேவி சிலையின் புனரமைப்புக்கு வழங்குவதாக அது அறிவித்தது. சிலைக்குச் சேர்ந்த தொகை ஏறக்குறைய 17 இலட்சம் டொலர். அட்டையின் பயன்பாடும் கூடவே உயர்ந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இலங்கையிலே இத்தகைய விளம்பரத்துக்குச் சட்டம் இடந்தராது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் புகையிலை, மதுசாரம் மீதான தேசிய அதிகார சபைச் சட்டம் மதுபான விளம்பரத்தைத் தடைசெய்வதோடு, மதுபான நிறுவனங்கள் தமது பெயரால் நிகழ்வுகளுக்கு அனுசரணை வழங்குவதையும் தடுக்கிறது. ஆயினும், தவறணைக்கும் தருமத்துக்கும் உள்ள உறவு விளம்பரப் பலகையோடு தொடங்கியதன்று. விளம்பரப் பலகையை அகற்றியதனால் அது முடிந்துவிடவுமில்லை. மலைநாட்டைப் பொறுத்தவரை அவ்வுறவுக்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டு வரலாறு உண்டு. அதனை ஓரளவு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒரு சிறு நிகழ்ச்சி. சில ஆண்டுகளுக்கு முன்னர், அட்டனுக்கு அப்பாலுள்ள தோட்டமொன்றிலே, மார்கழி மாதத்து இரவொன்றில் லயமொன்று தீப்பற்றி எரிந்தது. காம்பராக்களை இழந்த குடும்பங்கள் தோட்டத்துப் பாடசாலையிலே தங்கவைக்கப்பட்டன. நத்தாருக்கு முந்திய தினம், பக்கத்துப் பட்டினத்து மதுபானக் கடையொன்றின் உரிமையாளர் வானொன்றிலே வந்திறங்கி, குடும்பத்துக்கொரு கம்பளியும் அரிசிப் பொதியும் வழங்கினார். படமும் பிடிக்கப்பட்டது. அவர் மனமிரங்கித்தான் வந்தார் என்பதை ஐயுற எனக்குக் காரணமில்லை. வரிசையிலே நின்ற கொழுந்தெடுக்கும் பெண்ணொருவர், பொதியை வாங்கி இடுப்பிலே வைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பி, "எல்லாம் எங்க வீட்டு ஆளுக குடுத்து வச்சது தானே தம்பி" என்றார். கோபமோ கேலியோ அவர் குரலில் இருக்கவில்லை. கணக்குச் சொல்வது போலவே சொன்னார். அக்கணக்கை விரித்துரைப்பதற்குப் பொருளியல் நூல்கள் பல பக்கங்களை எடுத்துக்கொள்ளும்.

மதுவும் கொடையும் தமிழிலக்கியத்துக்குப் புதியனவல்ல. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலைப் பாட்டிலே, கள் சிறிதாகவும் பெரிதாகவும் கிடைத்த வேளைகளில் அவன் அதனை எவ்வாறு பகிர்ந்தளித்தான் என்பதே முதலில் நினைவுகூரப்படுகிறது. கைலாசபதி 1968இல் வெளியான தமது ஆங்கில ஆய்வு நூலிலே விளக்கியதுபோல, வீரயுகத்து விருந்தும் கொடையும் தலைவனுக்கும் பாணனுக்குமிடையே நிலவிய ஒரு சமூக உறவின் வடிவங்கள். அங்கே கள்ளுக்கு விலையில்லை. கொடுத்தவனே கொள்பவனிடம் முன்னரே பணம் பெற்றிருக்கவுமில்லை. பின்வந்த வள்ளுவர் ஈகையை அறத்துப்பாலிலும் கள்ளுண்ணாமையைப் பொருட்பாலிலும் வைத்தார். உரையாசிரியர்கள் இவ்வைப்புமுறைக்குத் தத்தம் வழியிலே காரணங் கூறுவர். குடி என்பது பொருளோடும் அரசோடும் தொடர்புடைய விடயம் என்பதை இவ்வைப்பு உணர்த்துகிறதெனக் கொள்வதில் தவறில்லை எனக் கருதுகிறேன்.

மலைநாட்டிலே அது உண்மையிலேயே அரசோடு தொடர்புடைய விடயமாயிற்று. பிரித்தானியர் ஆட்சியிலே சாராய விற்பனை உரிமை ஏலத்தில் விடப்பட்டது. குத்தகை எடுத்தவர் குறித்த பிரதேசத்திலே தவறணைகளை நடத்தினார். அரசு வருவாயைப் பெற்றது. கோப்பித் தோட்டங்கள் பெருகியபோது, கூலி பெற்று வாழும் ஒரு மக்கட்டிரள் முதன்முறையாக மலைகளிலே குடியமர்த்தப்பட்டது. குத்தகைகளின் பெறுமதியும் அதனோடு உயர்ந்தது. குமாரி ஜயவர்த்தன 2000இல் வெளியான தமது நூலிலே, இலங்கைப் பூர்ஷ்வா வர்க்கத்தின் ஆரம்ப மூலதனத் திரட்டலில் சாராயக் குத்தகை வகித்த முதன்மையான இடத்தை விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார்.

இவ்வகையிலே நம் கவனத்துக்குரிய உதாரணம் நுவரெலியா மாவட்டத்து ஹங்குராங்கெத்தையோடு தொடர்புடையது. மொறட்டுவையைச் சேர்ந்த ஜெரோனிஸ் டி சொய்சா கண்டிப் பிரதேசத்திலே வணிகமும் சாராயக் குத்தகையும் நடத்திப் பொருளீட்டியவர். 1830களின் பிற்பகுதியில், கண்டி மன்னருக்குரியதாயிருந்த ஹங்குராங்கெத்தைத் தோட்டத்தை வாங்கிக் கோப்பி பயிரிட்டார். அவருடைய மகன் சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சா (1836 - 1890) பெருந்தருமவான் எனப் புகழ்பெற்றார். 1870இல் இலங்கை வந்த எடின்பரோ கோமகனுக்குக் கொழும்பிலே அவர் அளித்த விருந்து இன்றும் பேசப்படுகிறது. 1876இல் மொறட்டுவையிலே கல்லூரியும், 1879இல் கொழும்பிலே மகப்பேற்று மருத்துவமனையும் அவர் கொடையால் எழுந்தன. அம்மருத்துவமனையிலே பிறந்த குழந்தைகள் எண்ணற்றோர். அதன் பயனைக் குறைத்து மதிப்பிடுவது மடமை. ஆனால் மூலதனம் எங்கிருந்து திரண்டது, அதன் அறச்சாயல் எங்கே வெளிப்பட்டது என்ற இரு வினாக்களையும் சேர்த்தே கேட்கவேண்டும். மலையிலே தவறணையிலும் தோட்டத்திலும் சேர்ந்த செல்வம் கரையோர நகரங்களிலே கொடையாக மலர்ந்தது. லயத்துக்கு அதன் வாசனை எட்டியதாகத் தெரியவில்லை.

இனி, 'வீடற்றோர்' என்ற சொல்லை நோக்குவோம். 1841ஆம் ஆண்டில் அடுத்தடுத்த இலக்கங்களுடன் இரு கட்டளைச் சட்டங்கள் இலங்கையிலே இயற்றப்பட்டன. 4ஆம் இலக்கம் அலைந்து திரிவோரைத் தண்டிக்கும் சட்டம். 5ஆம் இலக்கம் வேலை ஒப்பந்தத்தை மீறும் தொழிலாளரைத் தண்டிக்கும் சட்டம். இவ்விரண்டையும் ஒருங்கே வாசிக்கும்போதுதான் தோட்டமுறையின் தர்க்கம் புலனாகும். தோட்டத்தை விட்டு நீங்கினால் ஒப்பந்த மீறல். நீங்கியவன் தெருவிலே இருந்தால் அலைந்து திரிதல். இரண்டுக்குமிடையே சட்டம் அவனுக்கு விட்டுவைத்த ஒரே இடம் லயத்துக் காம்பராவே. அது பத்துக்குப் பன்னிரண்டு அடி. வேலை உள்ளவரை கூரை, வேலை போனால் கூரையும் போகும். கங்காணியிடம் பட்ட முன்பணக் கடனைக் குறித்த 'துண்டு' 1921இல் ஒழிக்கப்படும்வரை, வேறு தோட்டத்துக்குப் பெயர்வதும் அக்கடனைத் தோளிலே சுமந்துகொண்டே நிகழ்ந்தது.

இதே பத்தாண்டிலேதான், 1843இன் நத்தார் காலத்தில், டிக்கின்ஸின் 'கிறிஸ்மஸ் கரோல்' இலண்டனிலே வெளியாயிற்று. கஞ்ச முதலாளி ஒருவன் பண்டிகை இரவிலே மனந்திருந்தி வள்ளலாகும் அக்கதை, பண்டிகைக் காலக் கொடை என்ற நடுத்தர வர்க்க வழக்கத்துக்கு இலக்கிய வடிவம் தந்தது. இரண்டு ஆண்டுகளின் பின் ஏங்கெல்ஸ், இங்கிலாந்தின் தொழிலாளி வர்க்க நிலைபற்றிய தமது நூலிலே, தொழிலாளியிடமிருந்து எடுத்ததில் நூறில் ஒரு பங்கைத் திருப்பித் தந்துவிட்டு நன்றியை எதிர்பார்க்கும் கொடையைக் கடுமையாகச் சாடினார். டிக்கின்ஸின் மனிதாபிமானத்தை நான் இழித்துரைக்கவில்லை. ஆனால் முதலாளியின் மனமாற்றத்தோடு கதை முடிந்துவிடுவது தற்செயலன்று. அக்காலத்து இங்கிலாந்திலே விரும்பிப் பருகப்பட்ட கோப்பியில் ஒரு பகுதி எந்த மலையிலிருந்து வந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது.

துரைமாரின் குடியும் குறிப்பிடத்தக்கது. டிக்கோயாவில் டரவளைக் கழகம் 1868இலும், நுவரெலியாவில் ஹில் கழகம் 1876இலும் தோன்றின. நத்தாரும் ஏப்ரல் வசந்தகாலமும் அங்கே பண்டிகைகள். நுவரெலியாவிலே பியர் வடிப்பு பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே சாமுவேல் பேக்கரால் தொடக்கப்பட்டது. கழகத்திலே அருந்தியது நாகரிகம். தவறணையிலே அருந்தியது ஒழுக்கக்கேடு. குடியைப் பற்றிய அறவுரைகள் பெரும்பாலும் இரண்டாவது இடத்தை நோக்கியே கூறப்பட்டன.

குடிமறுப்பு இயக்கத்தின் மட்டுப்பாடும் இதுவே. 1912இல் கள்ளுக் கடைகளுக்கு எதிராக எழுந்த கிளர்ச்சி, அந்நிய ஆட்சிக்கு எதிரான உணர்வை வளர்த்ததிலே முற்போக்கான பங்கு வகித்தது. 1927 நவம்பரில் இலங்கை வந்த காந்தி, தோட்டத் தொழிலாளரிடம் குடியைக் கைவிடுமாறு வேண்டினார். கதர் நிதிக்கு அவர்களது காசையும் பெற்றுக்கொண்டார். ஆயினும், 1912இன் தலைவர்களுள் ஒருவரான டி. எஸ். சேனாநாயக்க 1948இல் முதற் பிரதமராக இருந்தபோதே 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. குடியை விடச்சொன்ன கரங்களிலேயே குடியுரிமையும் பறிபோனது. இது சொல் விளையாட்டுப் போலத் தோன்றலாம். வரலாறு அவ்வாறு அமைந்ததற்கு நான் பொறுப்பல்லன்.

சி. வி. வேலுப்பிள்ளை தமது நாவலொன்றுக்கு 'வீடற்றவன்' எனப் பெயரிட்டார். தொழிலாளி வேலையை இழக்கும்போது இருப்பிடத்தையும் இழக்கிறான் என்ற தோட்டத்து உண்மை அத்தலைப்பிலே சுருங்கியுள்ளது. இலண்டன் தெருவிலே உறங்குபவனும் வீடற்றவன்தான். ஆனால் அவன் வீட்டை இழந்தவன். லயத்துத் தொழிலாளி, கூரையின் கீழ் உறங்கிக்கொண்டே வீடற்றவன். நான்கு தலைமுறை வாழ்ந்த காம்பரா அவனுக்குரியதன்று. கடிதங்கூடத் தோட்ட அலுவலகத்தின் வழியாகவே வந்துசேரும். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபைகள் தோட்டக் குடியிருப்புகளிலே தம் நிதியைச் செலவிடுவதற்குத் தடையாயிருந்தது. அது திருத்தப்பட்டது 2018இலே. முப்பது ஆண்டுக்கு மேலாக, லயத்து மக்கள் வாக்களித்துத் தெரிந்த சபை அவர்களது ஒற்றையடிப் பாதைக்கு ஒரு வண்டி கல் போடுவதற்கும் சட்டம் குறுக்கே நின்றது.

இப்போது பண்டிகைக்கு வருவோம். தோட்டத்திலே பண்டிகை என்றால் முதலில் தீபாவளி. தீபாவளி என்றால் முற்பணம். 2010களில் பத்தாயிரம் ரூபா என்ற தொகை ஆண்டுதோறும் பேச்சுவார்த்தைக்கும் போராட்டத்துக்கும் பொருளாயிற்று. கிடைத்தபோது, தொழிற்சங்கங்கள் தாம் 'பெற்றுக்கொடுத்ததாக' அறிக்கை விடுத்தன. ஆனால் முற்பணம் என்பது கொடையன்று. இன்னும் எடுக்கப்படாத கொழுந்துக்கான கூலி. அடுத்துவரும் மாதங்களிலே அது சம்பளத்திலிருந்து கழிக்கப்படும். பேர் குறைந்த மாதத்திலே கழிவு போக எஞ்சுவது சொற்பம். கங்காணியின் முன்பணம் மறைந்துவிட்டது. எதிர்கால உழைப்பை ஈடுவைத்தே இன்றைய பண்டிகையைக் கொண்டாடுதல் என்ற முறை மறையவில்லை.

முற்பணம் கைக்கு வந்த நாளிலே அட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவை ஆகிய பட்டினங்களின் தெருக்களைக் கண்டவர்க்கு மேற்கொண்டு விளக்கம் வேண்டியதில்லை. துணிக்கடை, நடைபாதைக் கடை, நகை அடகுக் கடை, மதுபானக் கடை. கொழுந்தெடுப்போரிற் பெரும்பாலோர் பெண்கள். ஆயினும் அவர்களது சம்பளத்தைக் குடும்பத்து ஆண்மகன் சென்று பெறும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. ஆண், பெண் கூலி சமப்படுத்தப்பட்டதே 1984இலே. ஆகவே, தவறணையின் கல்லாவிலே விழுவது குடித்தவனின் கூலி மட்டுமன்று. மலையிலே அட்டைக் கடியோடு கூடை சுமந்தவளின் கூலியும் அதிலுண்டு. ஒவ்வொரு போத்தலிலும் அரசு வரியாகப் பெறுவது கணிசமானது. எஞ்சிய இலாபம் உரிமம் பெற்றவருக்கு. அவ்விலாபத்தின் ஒரு துளி, கோயில் திருவிழாவிலே உபயமாகவும், மழையிலும் தீயிலும் கம்பளியாகவும் திரும்பி வருகிறது. பாடசாலை வரிசையிலே நின்ற அப்பெண் சொன்ன கணக்கு இதுவே.

குடிப்பவன் மீது பழிபோட்டுத் தப்பிக்கும் வழக்கம் நம் முற்போக்காளரிடமும் உண்டு. ஈரமும் குளிரும் நிறைந்த காம்பராவிலே, மூன்று தலைமுறை ஓரறையில் உறங்கும் நிலையிலே, மாலைப்பொழுதைக் கழிக்கத் தோட்டம் தந்த ஒரே பொது இடம் தவறணை என்பதை ஒப்புக்கொள்ள நாம் தயங்குகிறோம். மறுபுறம், வறுமையே குடிக்குக் காரணம் என்று கூறி, அடிவாங்கும் மனைவியின் அழுகுரலைக் கேளாதிருப்பதும் நேர்மையன்று.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி, தீபாவளி கழிந்து ஒரு வாரத்தில், கொஸ்லாந்தை மீரியபெத்தையிலே மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. நாடெங்குமிருந்து பொதிகள் வந்து குவிந்தன. பொதிகள் வந்த வேகத்திலே வீடுகள் வரவில்லை; எஞ்சிய குடும்பங்கள் புதிய வீடுகளுக்காக ஏறத்தாழ இரண்டாண்டு காத்திருந்தன. 2025 நவம்பர் இறுதியிலே 'டித்வா' புயலால் நாட்டில் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்கள் மண்சரிவுகளால் பெரிதும் பாதிக்கப்பட்டன. மறுபடியும் நத்தார் காலம், மறுபடியும் கம்பளிகள். கம்பளி வேண்டாமென்று குளிரிலே நடுங்குபவரிடம் சொல்லும் துணிவு எந்தக் கோட்பாட்டுக்கும் இருக்கக்கூடாது. ஆனால் சரிந்த லயத்துக்குப் பதிலாக எழும் வீடு யாருடைய நிலத்திலே, யாருடைய பெயரிலே எழும் என்ற வினாவைப் பொதியோடு வந்தவர் கேட்பதில்லை. ஏழு பேர்ச்சா, பத்துப் பேர்ச்சா என்று கடந்த பத்தாண்டாக நிகழும் விவாதம் அவ்வினாவையே சுற்றிவருகிறது.

தீப்பற்றிய அந்த லயத்துக்கு அண்மையிலே மீண்டும் சென்றிருந்தேன். பழைய கல் அத்திவாரத்தின் மீது தகரக் கூரையோடு 'தற்காலிக' அறைகள் எழுந்துள்ளன. எனக்குத் தெரிந்த அப்பெண்ணின் அறையிலே அக்கம்பளி வாசலுக்குத் திரையாகத் தொங்கியது. உறுதி கிடைத்ததா என்று கேட்டேன். தோட்ட அலுவலகத்திலே பெயர் எழுதிக்கொண்டார்கள் என்றார். எந்தப் புத்தகத்திலே எழுதினார்கள் என்று அவர் பார்க்கவில்லை.