குளக்கட்டில் கரும்புள்ளி: எப்போது பயப்பட வேண்டும்?

சுபஹுக்குப் பின் கந்தளாய்க் குளக்கட்டில் நடப்பது என் வழக்கம். வெளிச்சரிவில், வெயிலிலும் காயாத கரும் ஈரத்திட்டைக் கண்டால் நின்றுவிடுவேன். 1986 ஏப்ரல் 20 அதிகாலை இக்கட்டு உடைந்து 120க்கும் மேற்பட்டோர் மௌத்தானதை எங்களூரார் எப்படி மறப்பது?

மண்ணால் கட்டிய அணையில் கசிவு இருக்கத்தான் செய்யும். ஈரம் மட்டும் ஆபத்தல்ல. நீரின் நிறத்தைத்தான் பார்க்க வேண்டும். கசியும் நீரை வெள்ளைப் போத்தலில் பிடித்துச் சற்று வையுங்கள். தெளிவாக இருந்தால் வருவது நீர் மட்டுமே. அடியில் மண் படிந்தால் கட்டு உள்ளிருந்தே அரிபடுகிறது. மண் போகப் போக வழி பெருக்கும், நீரின் வேகம் கூடும், இன்னும் மண் போகும். கடைசியில் குழாய்போல் துளை விழும். துருசின் சுவரும் மண்ணும் சேரும் இடத்தில் இது எளிதில் தொடங்கும். அங்கே மண்ணை இறுக்குவது கடினம்.

அவகாசமும் அதிகமில்லை. அமெரிக்காவின் டீட்டன் அணை புத்தம் புதியது. 1976 ஜூன் 5 காலை கலங்கல் கசிவு தெரிந்தது, நண்பகலுக்குள் உடைந்துவிட்டது.

எனவே ஈரத்திட்டின் ஓரத்தில் கல் வைத்து, அது பெருக்கிறதா என்று பாருங்கள். கலங்கல் கண்டால் விடியட்டும் என்றிராமல் அப்போதே நீர்ப்பாசனப் பொறியியலாளர் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.