மண்ணுக்குள் ஒரு காவற்படை

முள்ளை முள்ளால் எடுக்க வேண்டும் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. நுண்ணுயிரால் வரும் பயிர் நோயை நுண்ணுயிரைக் கொண்டே தடுக்கும் முறையும் அத்தகையதே. பசுமைக்குடில் பயிர்களுக்கு இம்முறை எவ்வாறு உதவுகிறது எனக் காண்போம்.

பசுமைக்குடிலில் தக்காளி, வெள்ளரி, குடைமிளகாய் போன்றவை ஒரே மண்ணில் அடுத்தடுத்துப் பயிரிடப்படுகின்றன. அங்குள்ள வெப்பமும் ஈரமும் பயிருக்கு மட்டுமன்றி நோய்க்கும் உகந்தவை. பித்தியம் என்னும் உயிரி நாற்றுகளை அழுகச் செய்கிறது. ரைசோக்டோனியா என்னும் பூஞ்சை வேரையும் தண்டின் அடியையும் தாக்குகிறது. பியூசேரியம் என்னும் பூஞ்சையோ நீர் செல்லும் குழாய்களை அடைத்துச் செடியை வாட்டுகிறது.

இவற்றை ஒழிக்க மேலை நாடுகளில் மெத்தில் புரோமைடு என்னும் நச்சு வாயுவை மண்ணில் செலுத்தி வந்தனர். அது பகையோடு நட்பையும் சேர்த்தே கொன்றது. அவ்வாறு வெறுமையான மண்ணில் மீண்டும் நோய்ப்பூஞ்சை நுழைந்தால் அதை எதிர்க்க ஆளில்லை. மேலும், ஓசோன் படலத்தைச் சிதைப்பதால் இவ்வாயு 1992இல் மாண்ட்ரியல் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. சில விலக்குகள் நீங்கலாக, வளர்ந்த நாடுகள் 2005இலும் வளரும் நாடுகள் 2015இலும் மண்ணில் இதன் பயன்பாட்டைக் கைவிட வேண்டும் என முடிவாயிற்று.

அப்படியானால் மாற்று வழி யாது? பிரான்சு நாட்டில் ஷத்தோரெனார் என்னும் ஊரின் மண் இதற்கு விடை கூறுகிறது. அம்மண்ணில் பியூசேரியம் இருந்தும் முலாம்பழக் கொடிகள் வாடுவதில்லை. அம்மண்ணைச் சூடேற்றியபோது இவ்வாற்றல் மறைந்தது. சூடேற்றாத மண்ணைச் சிறிது கலந்ததும் அது திரும்பியது. காவல் புரிந்தவை அம்மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிர்களே என்பது இதனால் தெளிவாயிற்று.

அத்தகைய காவலர்களுள் முதன்மையானது டிரைக்கோடெர்மா என்னும் பூஞ்சை. இது பிற பூஞ்சைகளைத் தாக்கி உண்பதை 1932இல் வைண்ட்லிங் என்னும் அறிஞர் விளக்கினார். பகைப் பூஞ்சையின் இழைகளைச் சுற்றி வளைத்து, அவற்றின் சுவரை நொதிகளால் கரைத்துவிடுகிறது. சூடோமோனாஸ் புளோரசன்ஸ் என்னும் பாக்டீரியாவின் வழி வேறு. மண்ணிலுள்ள இரும்புச் சத்தைத் தான் கவர்ந்துகொண்டு நோய்க்கிருமியைப் பட்டினி போடுகிறது. செடியின் எதிர்ப்பாற்றலையும் தூண்டுகிறது.

பயன்படுத்தும் முறை எளிது. ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி பொடியைக் கலந்து விதைக்கலாம். ஹெக்டேருக்கு 2.5 கிலோ பொடியை 50 கிலோ தொழுவுரத்துடன் கலந்து மண்ணிலும் இடலாம். உடன் இரசாயனப் பூஞ்சைக்கொல்லியைக் கலந்தால் நாம் இட்ட காவலர்களும் மடிவர்.

ஒன்றை மறத்தலாகாது. இவை வருமுன் காப்பவையே; வாடிய செடியை மீட்பவை அல்ல. ஆதலின் விதைக்கும்போதும் நாற்று நடும்போதுமே இவற்றை மண்ணில் குடியேற்ற வேண்டும். மண்ணைக் கொன்று பயிரைக் காக்க இயலாது. மண்ணை வாழவைத்தால் அது பயிரைக் காக்கும்.