பயங்கரவாதக் கண்காணிப்புப் பட்டியலும் தரவு மேலாண்மையும்

பயங்கரவாதக் கண்காணிப்புப் பட்டியல் என்பது, பயங்கரவாதத்துடன் தொடர்புடையவர்கள் என்று அறியப்பட்ட அல்லது சந்தேகிக்கப்படும் நபர்களின் அடையாள விவரங்களை ஓர் அரசு ஒரே இடத்தில் தொகுத்து வைத்திருக்கும் தரவுத்தளம் ஆகும். விசா வழங்கும் தூதரகம், விமான நிலையம், நாட்டின் எல்லை ஆகிய இடங்களில் ஒருவரின் பெயரும் பிறந்த தேதியும் இப்பட்டியலுடன் ஒப்பிடப்படுகின்றன. ஐக்கிய அமெரிக்காவில் இது 2003 முதல் ஒருங்கிணைந்த மென்பொருள் அமைப்பாக இயங்கி வருகிறது.

இத்தகைய அமைப்பில் தகவலைச் சேகரிப்பதை விடக் கடினமான வேலை ஒன்று உண்டு. வெவ்வேறு அலுவலகங்களில், வெவ்வேறு எழுத்துக்கூட்டலில் உள்ள பதிவுகள் ஒரே ஆளைக் குறிக்கின்றனவா, இல்லையா என்று முடிவு செய்வதே அது. இதில் ஏற்படும் பிழை இரு வகையில் தீங்கு செய்கிறது. ஆபத்தானவர் தப்பிச் செல்கிறார்; அல்லது தொடர்பில்லாத ஒருவர் தடுத்து நிறுத்தப்படுகிறார்.

பின்னணி

2001 செப்டம்பர் 11 தாக்குதலில் ஈடுபட்ட 19 பேரில் நவாஃப் அல் ஹஸ்மி, காலித் அல் மித்தார் ஆகிய இருவரைப் பற்றி அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ. முன்பே அறிந்திருந்தது. 2000 ஜனவரியில் மலேசியாவின் கோலாலம்பூரில் நடந்த அல்-கைதா கூட்டத்தில் இருவரும் கலந்துகொண்டனர். அதே மாதம் 15ஆம் தேதி இருவரும் லாஸ் ஏஞ்சலஸ் நகருக்கு வந்து இறங்கினர். மித்தாரிடம் அமெரிக்க விசா இருந்ததும் சி.ஐ.ஏ.வுக்குத் தெரிந்திருந்தது. ஆயினும் அவர்களின் பெயர்கள் கண்காணிப்புப் பட்டியலில் சேர்க்கப்படவில்லை.

இருவரும் சான் டியேகோ நகரில் சொந்தப் பெயரிலேயே வாழ்ந்தனர். ஹஸ்மியின் பெயர் உள்ளூர் தொலைபேசிக் கையேட்டிலும் அச்சாகியிருந்தது. இடையில் நாட்டை விட்டுச் சென்ற மித்தார், 2001 ஜூலை 4 அன்று எந்தத் தடையும் இன்றி மீண்டும் அமெரிக்காவுக்குள் நுழைந்தார். 2001 ஆகஸ்ட் இறுதியில்தான் இருவரின் பெயர்களும் வெளியுறவுத் துறையின் பட்டியலில் ஏறின. அந்தப் பட்டியல் விமான நிறுவனங்களுக்குச் செல்லவில்லை. விமானப் போக்குவரத்துத் துறையிடம் தனியாக இருந்த பறக்கத் தடைப் பட்டியலில் அப்போது 12 பெயர்கள் மட்டுமே இருந்தன. இருவரும் சொந்தப் பெயரில் பயணச்சீட்டு வாங்கி, பெண்டகன் மீது மோதிய விமானத்தில் ஏறினர்.

2003இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் வெளியிட்ட அறிக்கையின்படி, 9 அரசு அமைப்புகள் தனித்தனியாக 12 பட்டியல்களை வைத்திருந்தன. அவை ஒன்றோடொன்று சரிவர இணைக்கப்பட்டிருக்கவில்லை.

ஒருங்கிணைந்த அமைப்பு

2003 செப்டம்பரில் அதிபர் ஜார்ஜ் புஷ் பிறப்பித்த ஆணையின்படி, பயங்கரவாதிகள் சரிபார்ப்பு மையம் உருவாக்கப்பட்டது. எப்.பி.ஐ. பொறுப்பில் உள்ள இம்மையம் அதே ஆண்டு டிசம்பரில் செயல்படத் தொடங்கியது. தகவல் இவ்வமைப்பில் மூன்று படிகளைக் கடக்கிறது.

முதல் படி, முன்மொழிவு. உளவு அமைப்பு, தூதரகம் அல்லது புலனாய்வு அலுவலகம் ஒருவரின் பெயரை முன்மொழிகிறது. வெளிநாட்டுப் பயங்கரவாதத்துடன் தொடர்புடையவர்களின் விவரங்கள் தேசியப் பயங்கரவாத எதிர்ப்பு மையம் நடத்தும் ‘டைடு’ என்னும் இரகசியத் தரவுத்தளத்தில் சேர்கின்றன. சந்தேகத்திற்கான காரணம், உளவுத் தகவல், தொடர்புகள் ஆகியவை இங்கு இருக்கும்.

இரண்டாம் படி, வடிகட்டல். டைடில் உள்ள பதிவு போதிய அளவு நியாயமான சந்தேகத்தைக் காட்டுகிறதா, ஒருவரை அடையாளம் காணத் தேவையான விவரங்கள் உள்ளனவா என்று பார்க்கப்படுகிறது. தேறிய பதிவுகளின் பெயர், பிறந்த தேதி, கடவுச்சீட்டு எண் போன்ற அடையாள விவரங்கள் மட்டும் மையக் கண்காணிப்புப் பட்டியலுக்குச் செல்கின்றன. சந்தேகத்தின் காரணம் இரகசியத் தரவுத்தளத்திலேயே நின்றுவிடுகிறது.

மூன்றாம் படி, பகிர்வு. விசா அலுவலகம், எல்லைக் காவல், விமானப் பாதுகாப்பு, காவல் துறை ஆகியவற்றின் கணினிகளுக்கு அவரவர் பணிக்குத் தேவையான பகுதி அனுப்பப்படுகிறது. பறக்கத் தடைப் பட்டியல் இவ்வாறு பிரித்தெடுக்கப்படும் ஒரு சிறு பகுதியாகும். பட்டியலில் உள்ள பெயருடன் ஒருவரின் பெயர் பொருந்தினால், களத்தில் உள்ள அலுவலர் இருபத்துநான்கு மணி நேரமும் இயங்கும் மையத்தைத் தொடர்புகொண்டு உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

2017 நிலவரப்படி மையப் பட்டியலில் ஏறத்தாழ 12 லட்சம் பேரின் பதிவுகள் இருந்தன. அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள் அல்லாதவர்கள்.

பெயர்ப் பொருத்தம்

ஒரு மொழியின் பெயரை மற்றொரு மொழியின் எழுத்தில் எழுதும்போது ஒரே வடிவம் கிடைப்பதில்லை. லிபியாவின் முன்னாள் தலைவரின் பெயரைத் தமிழ் நாளிதழ்களே கடாபி, கதாபி, கடாஃபி என்று பலவாறு அச்சிட்டுள்ளன. ரோமன் எழுத்தில் எழுதப்படும் அரபுப் பெயர்களிலும் இதே நிலை உள்ளது. குடும்பப் பெயர் முன்னால் வருமா, பின்னால் வருமா என்பதும் நாட்டுக்கு நாடு மாறுகிறது.

பிறந்த தேதியும் எப்போதும் நம்பகமானதல்ல. அமெரிக்காவில் மாதம் முன்னும் நாள் பின்னுமாக எழுதுவர். பல நாடுகளில் நாள் முன்னால் வரும். 04-07 என்பது ஏப்ரல் 7 ஆகவும் ஜூலை 4 ஆகவும் படிக்கப்படலாம். பிறப்புப் பதிவு சரிவர நடைபெறாத நாடுகளைச் சேர்ந்த பலருக்கு ஆவணங்களில் ஜனவரி 1 என்றே தேதி இடப்படுகிறது.

இச்சிக்கலைக் கையாளப் பல உத்திகள் உள்ளன. அவற்றுள் பழமையானது 1918இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற ‘சவுண்டெக்ஸ்’ முறை. இதில் பெயரின் முதல் எழுத்து அப்படியே வைக்கப்படும்; உயிரெழுத்துகள் நீக்கப்படும்; ஒத்த ஒலியுள்ள மெய்யெழுத்துகளுக்கு ஒரே எண் தரப்படும். ஆங்கிலப் பெயர்களை மனதில் கொண்டு உருவான இம்முறை பிற மொழிப் பெயர்களில் தடுமாறுகிறது. காசிம் என்ற பெயரை ரோமன் எழுத்தில் ‘கே’ எழுத்திலும் தொடங்கலாம், ‘கியூ’ எழுத்திலும் தொடங்கலாம். எண்கள் ஒன்றாக இருந்தும், முதல் எழுத்து மாறியதால் இரண்டும் வெவ்வேறு பெயர்களாகிவிடும்.

மற்றொரு முறை, 1965இல் சோவியத் கணிதவியலாளர் விளாதிமிர் லெவன்ஷ்தைன் முன்வைத்த ‘திருத்தத் தொலைவு’. ஒரு சொல்லை மற்றொன்றாக மாற்ற எத்தனை எழுத்துகளைச் சேர்க்க, நீக்க அல்லது மாற்ற வேண்டும் என்று இது எண்ணுகிறது. ராஜன், ராசன் ஆகிய இரண்டுக்கும் இடையிலான தொலைவு 1.

இவற்றுக்கு அடுத்த நிலையில் இருப்பது ‘ஆள் இணைப்பு’ எனலாம். பெயருடன் முகவரி, தொலைபேசி எண், கடவுச்சீட்டு எண் ஆகியவற்றையும் சேர்த்து ஒப்பிட்டு, பல பதிவுகளை ஒரே ஆளின் கீழ் மென்பொருள் கொண்டுவருகிறது. இத்துறையில் பெயர் பெற்ற மென்பொருள் ஒன்றை ஜெஃப் ஜோனாஸ் என்பவர் லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதிகளுக்காக உருவாக்கினார். மோசடிக்காரர்களுக்கும் விடுதி ஊழியர்களுக்கும் இடையே மறைந்துள்ள உறவைக் கண்டறிவது அதன் பணி. சி.ஐ.ஏ.வின் முதலீட்டு நிறுவனமான இன்-கியூ-டெல் இதற்கு நிதி வழங்கியது. 2005இல் ஐ.பி.எம். நிறுவனம் இதை வாங்கியது.

எந்த முறையிலும், எவ்வளவு ஒத்திருந்தால் பொருத்தம் என்று கொள்வது என்ற எல்லையை மனிதர்களே வகுக்க வேண்டும். எல்லை இறுக்கமாக இருந்தால் உண்மையான பொருத்தம் தவறிப்போகும். தளர்வாக இருந்தால் பொய்ப் பொருத்தங்கள் பெருகும். ஒரு நாளில் 20 லட்சம் பேர் விமானத்தில் பயணம் செய்வதாகவும், ஒப்பீடு 99.9 சதவீதம் சரியாக இருப்பதாகவும் கொண்டாலும், தொடர்பில்லாத ஏறத்தாழ 2,000 பேர் நாள்தோறும் தடுக்கப்படுவர்.

தவறவிட்ட நிகழ்வுகள்

2009 நவம்பர் 19 அன்று, நைஜீரியாவின் அபுஜா நகரில் உள்ள அமெரிக்கத் தூதரகத்துக்கு ஒரு தந்தை வந்தார். தம் மகன் தீவிரவாதிகளின் பிடியில் சிக்கியிருக்கலாம் என்று அவர் எச்சரித்தார. தூதரகம் அத்தகவலை வாஷிங்டனுக்கு அனுப்பியது. ஆனால் மகன் உமர் ஃபாரூக் அப்துல்முத்தலிபின் பெயர் எழுத்துப் பிழையுடன் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. அந்தப் பெயரில் தேடியபோது விசா எதுவும் இல்லை என்று கணினி காட்டியது. உண்மையில் அவரிடம் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தது. டைடு தரவுத்தளத்தில் அவருக்குப் பதிவு உருவாக்கப்பட்டும், அது பறக்கத் தடைப் பட்டியல் வரை செல்லவில்லை.

டிசம்பர் 25 அன்று ஏறத்தாழ 290 பேருடன் ஆம்ஸ்டர்டாமிலிருந்து டெட்ராய்ட் சென்ற விமானத்தில், உள்ளாடையில் மறைத்திருந்த வெடிபொருளை அவர் வெடிக்க முயன்றார். வெடிபொருள் சரியாக வெடிக்கவில்லை. சக பயணிகள் அவரை மடக்கிப் பிடித்தனர். தகவல் அரசிடம் இருந்தது என்றும், அதைச் சேர்த்துப் பார்த்துப் புரிந்துகொள்வதில்தான் தவறு நேர்ந்தது என்றும் 2010 ஜனவரியில் வெள்ளை மாளிகை வெளியிட்ட ஆய்வு கூறியது.

2013 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தில் குண்டு வைத்த சகோதரர்களில் மூத்தவரான தமர்லான் சர்னயெவ் பற்றி 2011இலேயே ரஷ்யா எச்சரித்திருந்தது. டைடில் பதிவான அவரது பெயரின் எழுத்துக்கூட்டல் மாறியிருந்தது. பிறந்த தேதியும் சரியாக இல்லை.

தவறாகத் தடுக்கப்பட்டவர்கள்

2004இல் மூத்த செனட் உறுப்பினர் எட்வர்ட் கென்னடி விமான நிலையங்களில் பலமுறை தடுக்கப்பட்டார். அவர் பெயரை ஒத்த ஒரு புனைபெயர் பட்டியலில் இருந்ததே காரணம். நாடறிந்த அவருக்கே இதைச் சரிசெய்யப் பல வாரங்கள் ஆயின.

மலேசியாவைச் சேர்ந்த பெண் ஒருவர் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்து வந்தார். 2005 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில், சக்கர நாற்காலியில் இருந்த அவர் கைவிலங்கிடப்பட்டுக் காவலில் வைக்கப்பட்டார். சில மணி நேரத்தில் விடுவிக்கப்பட்டு மறுநாள் தாய்நாடு திரும்பினார். பின்னர் அவரது விசா இரத்து செய்யப்பட்டது. அவர் தொடுத்த வழக்கில் 2014இல்தான் காரணம் வெளிப்பட்டது. எப்.பி.ஐ. அலுவலர் ஒருவர் 2004இல் முன்மொழிவுப் படிவத்தை நிரப்பும்போது, குறியிட வேண்டிய கட்டங்களை நேர்மாறாகப் புரிந்துகொண்டு குறியிட்டிருந்தார். அவர் பயங்கரவாதத்துடன் தொடர்பற்றவர் என்பதை அரசும் ஒப்புக்கொண்டது. அந்தத் தவறான தகவல் நகலெடுக்கப்பட்டுச் சென்ற அனைத்துத் தரவுத்தளங்களிலிருந்தும் அதை நீக்குமாறு நீதிபதி வில்லியம் ஆல்சப் உத்தரவிட்டார்.

ஒரு தரவுத்தளத்தில் புகும் பிழை அங்கேயே நிற்பதில்லை என்பதை இவ்வழக்கு காட்டியது. பகிர்வு வேகமாகும் அளவுக்குப் பிழையும் வேகமாகப் பரவுகிறது. பதிவு எங்கிருந்து வந்தது, யார் எப்போது மாற்றினர், எங்கெல்லாம் அனுப்பப்பட்டது ஆகியவற்றைக் குறித்து வைக்கும் வசதி இல்லாவிட்டால், அதைத் திருத்தவும் இயலாது.

திருத்த நடவடிக்கைகள்

முன்பு விமான நிறுவனங்களே பட்டியலை ஒப்பிட்டு வந்தன. 2010க்குள் இப்பணியை அரசே ஏற்றுக்கொண்டது. பயணிகளின் முழுப்பெயர், பிறந்த தேதி, பாலினம் ஆகிய மூன்றையும் பெற்று ஒப்பிடுவதால் பெயர் ஒற்றுமையால் வரும் குழப்பம் குறைந்தது. தவறாகத் தடுக்கப்படுவோர் முறையிட 2007இல் தனித் திட்டம் தொடங்கப்பட்டது. முறையீட்டைப் பரிசீலித்த பின் ஓர் எண் வழங்கப்படுகிறது. அடுத்த முறை பயணச்சீட்டு எடுக்கும்போது அதைக் குறிப்பிடலாம்.

பறக்கத் தடைப் பட்டியலில் உள்ளவர்களுக்குக் காரணத்தைத் தெரிவிக்காமல் இருப்பது அரசமைப்புக்கு முரணானது என்று 2014இல் ஒரேகான் மாநிலக் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின், தடைப் பட்டியலில் உள்ளனரா என்பதை அமெரிக்கக் குடிமக்கள் கேட்டு அறிய வழி செய்யப்பட்டது.

இந்தியாவில்

2008 நவம்பர் 26 அன்று தொடங்கிய மும்பைத் தாக்குதலில் 166 பேர் உயிரிழந்தனர். தாக்குதலுக்கு உளவு பார்த்த தாவூத் கிலானி, 2006இல் அமெரிக்காவில் தம் பெயரை டேவிட் ஹெட்லி என்று சட்டப்படி மாற்றிக்கொண்டு, அமெரிக்கக் கடவுச்சீட்டில் பலமுறை இந்தியா வந்து சென்றவர். பெயரை மட்டும் வைத்துத் தேடும் முறை இத்தகையவரிடம் பயன் தராது.

இத்தாக்குதலுக்குப் பின், அன்றைய உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம் ‘நேட்கிரிட்’ எனப்படும் தேசிய நுண்ணறிவு இணைப்பமைப்பை முன்வைத்தார். குடிவரவு, வங்கி, தொலைபேசி, விமானப் பயணம் போன்ற துறைகளின் பதிவுகளை அனுமதி பெற்ற புலனாய்வு அமைப்புகள் ஒரே இடத்திலிருந்து தேட இது வழி செய்கிறது. 2011இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலிருந்து நேட்கிரிட்டுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. ஊழல், மனித உரிமை மீறல் தொடர்பான தகவல்களுக்கு மட்டும் இவ்விலக்கு பொருந்தாது.

அந்தரங்க உரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அவ்வுரிமையில் அரசு தலையிட வேண்டுமானால் சட்டத்தின் ஆதரவும், முறையான நோக்கமும், நோக்கத்துக்கு ஏற்ற அளவும் வேண்டும் என்று அத்தீர்ப்பு கூறுகிறது. பாதுகாப்புக்கான தரவுத்தளங்கள் விரிவடையும்போது, தம்மைப் பற்றிய தவறான பதிவைக் கண்டறிந்து திருத்தச் சாதாரண மக்களுக்கு என்ன வழி உள்ளது என்ற கேள்வி இதனுடன் பிணைந்தே எழுகிறது.